பல் கறைக்குக் குழாய் வந்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்ன வரும்?

பாலக்கோடு வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, சமையலறைப் பரணில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் ஒன்பது மாத்திரை அட்டைகள் கிடைத்தன. அத்தனையும் அம்மாவின் இரத்த அழுத்தத்துக்காக மாதந்தோறும் வீட்டுக்கே வந்து கொடுக்கப்படும் அம்லோடிபின். ஓர் அட்டையில்கூட ஒரு மாத்திரை பிரிக்கப்படவில்லை. அம்மாவுக்கு 67 வயது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "நார்மலுன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டுப் போச்சு சாமி, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். அன்று மாலையே அளந்து பார்த்தோம். 168-க்கு 100 என்று காட்டியது.

இப்படி வீடு தேடி மாத்திரை கொடுக்கும் தமிழ்நாடு அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் தருமபுரிக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட திட்டம் கைவரை கொண்டுவந்து கொடுத்த மாத்திரை வாய்க்குப் போகாமல் டப்பாவுக்குப் போனால், குறை யாருடையது? அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை கொண்டுவரும் அந்தத் தன்னார்வலரைக் குறை சொல்லவும் நியாயம் இல்லை. இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றும் உண்டு: சர்க்கரை, பிரஷர் போன்ற இந்த நோய்கள் வந்தபின் மாத்திரை கொடுப்பது இருக்கட்டும், வராமல் தடுப்பது உண்மையில் நம் கையில் இருக்கிறதா?

நல்லம்பள்ளி சு.ஆ.

நான் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளன். 31 ஆண்டுப் பணியில் முதல் பாதி முழுவதும் வயிற்றுப்போக்கு, மலேரியா, காசநோய் ஆகியவற்றின் பின்னால் ஓடினேன். பின்பாதியில் அவை குறையக் குறைய, இரத்த அழுத்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். இந்த மாற்றம் நம் மாவட்டத்தில் மட்டும் நடந்ததன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் தொற்றா நோய்களால் இறந்தவர்கள் 4.3 கோடிப் பேர். கொரோனா தொடர்பான இறப்புகளைத் தவிர்த்துப் பார்த்தால் உலக இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு இது. அவர்களில் 1.8 கோடிப் பேர் 70 வயதை எட்டாதவர்கள். இதய, இரத்தக்குழாய் நோய்களால் ஏறத்தாழ 1.9 கோடி, புற்றுநோயால் 1 கோடி, நாள்பட்ட நுரையீரல் நோய்களால் 40 லட்சம், சர்க்கரையாலும் அதனால் வரும் சிறுநீரகக் கோளாறாலும் 20 லட்சத்துக்கு மேல்.

இவற்றைப் பணக்கார நாட்டு நோய்கள் என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 70 வயதுக்கு முன் நேரும் இந்த இறப்புகளில் 82 சதவீதம் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான் நிகழ்கின்றன. நம் ஊரில் ஐம்பது வயதில் பக்கவாதம் வந்து படுப்பவர் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவராக இருப்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

உங்கள் அம்மா செய்தது விதிவிலக்கு அன்று. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. அந்த எண்கள் கொடுத்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் வீடு தேடி வரும் திட்டம். 2023-24 கணக்கெடுப்பில் அவை முறையே 17 சதவீதமாகவும் 16.7 சதவீதமாகவும் உயர்ந்தன. இரத்த அழுத்தத்தில் இருமடங்குக்கு மேலும், சர்க்கரையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் உயர்ந்ததைப் பாராட்டலாம். ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தடுப்பது நம் கையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு, நம் மண்ணிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். வெளியூரில் பெண் பார்க்கப் போனால் வாயைத் திறக்கக் கூச்சப்பட்ட தலைமுறை அது. பாறைக்குள் இறங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்ததே காரணம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் பல்லைக் கெடுக்கும், இன்னும் மிகுந்தால் ஆண்டுக்கணக்கில் எலும்பையும் மூட்டையும் இறுக்கும். இதுவும் தொற்றாத நாள்பட்ட நோய்தான். நாங்கள் வீடு வீடாகப் போய் என்ன சொன்னோம் தெரியுமா? அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றோம். வேறு தண்ணீர் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. காய்ச்சிக் குடிக்கிறோம் என்று சிலர் சொன்னார்கள். காய்ச்சினால் தண்ணீர் வற்றுமே தவிர ஃப்ளோரைடு போகாது, செறிவு கூடத்தான் செய்யும். கடைசியில் ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களின் தொட்டிகளில் ஏறத் தொடங்கிய பிறகுதான் எங்கள் அறிவுரைக்குப் பொருளே வந்தது. ஆகையால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் "குழாய்" எது என்பதைத்தான் நாம் பேச வேண்டும் என்று கருதுகிறேன்.

தென்பெண்ணைக்கரை

ஐயாவின் குழாய்க் கதை எனக்கும் நேரில் தெரிந்தது. ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. எங்கள் தாத்தா காவேரிப்பட்டணம் பக்கத்தில் எண்பத்தாறு வயது வரை மாட்டு ஏர் பூட்டியவர். காலையில் கூழ், மதியம் களியும் கீரைக் கடையலும், இரவு சாமைச் சோறு. சர்க்கரை என்றால் கடையில் வாங்குவது என்றுதான் அவருக்குத் தெரியும். ராகியை விட்டு ரேஷன் அரிசிக்குத் தாவினோம், நோய் வந்தது. திரும்பக் களிக்குப் போனால் பாதி நோய் தானாகப் போகும்.

ஓசூர் நைட் ஷிப்ட்

களி கிண்டுவதற்கு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், ஐயா. நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். இரவு வேலை முடிந்து வரும்போது எங்களுக்குத் திறந்திருப்பது டீக்கடையும் பரோட்டாக் கடையும் மட்டுமே. ஆலையில் சென்ற மாதம் நடந்த பரிசோதனையில் எங்கள் பிரிவில் இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு 150-க்கு 96 இருந்தது. மத்திய அரசுத் திட்டத்தின் பரிசோதனை முப்பது வயதிலிருந்துதான் தொடங்குகிறது என்றார்கள். உன் பழக்கத்தை மாற்று என்று அவனிடம் சொன்ன மருத்துவர், அவனது ஷிப்ட்டை மாற்றும் அதிகாரம் உள்ளவரிடம் ஏதாவது சொன்னாரா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

சாமை இட்லி

நான் உணவியல் படித்தவள்; அரூர்க்காரி. தென்பெண்ணைக்கரை அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

ராகி நல்ல தானியம் என்பதில் ஐயமில்லை. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம் வேறு எதுவும் நம் தட்டில் இல்லை. நார்ச்சத்தும் தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு. 2023 மே மாதத்திலிருந்து நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியதை நான் வரவேற்றவள். ஆனால் ராகியிலும் ஏறத்தாழ 70 சதவீதம் மாவுச்சத்துதான். சல்லடையில் நைசாகச் சலித்து, கொழகொழவென்று காய்ச்சி, ஒரு சொம்பு குடித்தால் அது இரத்தத்தில் ஏறும் வேகம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒரு கையளவுக் களியோடு இரண்டு கரண்டி கீரையும் கொள்ளும் சேர்த்துச் சாப்பிடுவது ஒன்று. சர்க்கரை நோயாளிக்கு ராகி நல்லதாமே என்று நான்கு உருண்டை விழுங்குவது வேறு. பின்னதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கடைகளில் "ராகி" என்று எழுதி விற்கும் பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் எத்தனை பங்கு என்பதைப் பொட்டலத்தின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

அண்ணனின் தாத்தாவைக் காப்பாற்றியது களி மட்டுமா? அவர் நாள் முழுவதும் ஏருக்குப் பின்னால் நடந்தார். இன்னொன்றும் உண்டு, அந்தத் தலைமுறையில் அம்மையிலும் காய்ச்சலிலும் போனவர்களை நாம் எண்ணுவதில்லை, எண்பத்தாறு வரை இருந்தவரையே நினைவில் வைத்திருக்கிறோம்.

நம் உடல்வாகையும் கணக்கில் கொள்ள வேண்டும். நம்மவர் பார்வைக்கு ஒல்லியாக இருப்பார். வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால்தான் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவு என்று நமக்குத் தனியாக எல்லை வைத்திருக்கிறார்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில் நிற்கிறார்கள் என்றும் சொன்னது. அந்த முந்தைய படிதான் தடுப்புக்குரிய இடம். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் படியில் இருந்தவர்களுக்கு உணவு, நடை குறித்த தொடர் ஆலோசனை மட்டும் கொடுத்ததில், நோயாக முற்றியது ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். தொடர் ஆலோசனை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை சீட்டில் "டயட், வாக்கிங்" என்று எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பெயர் இல்லை.

ஊத்தங்கரை மல்லிகா

எல்லோரும் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் உப்பைப் பற்றிப் பேசலாமா? ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கிராமை யார் நிறுத்துப் பார்ப்பது என்று சலித்துக்கொண்டு, வேறு வழியில் கணக்கிட்டேன். ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரித்த அன்றே அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். மூன்றாம் தேதி பிரித்தது, இருபத்து மூன்றாம் தேதி இரவு தீர்ந்தது. வீட்டில் நான்கு பேர். இருபத்தொரு நாள் என்றால் ஆளுக்கு ஏறத்தாழ 12 கிராம். கறி கழுவியது, கீழே கொட்டியது என்று கொஞ்சம் கழித்தாலும் பத்துக்குக் குறையாது. ஊறுகாய்க்குப் போட்ட கல்லுப்பு, கருவாடு, பிள்ளைகள் கடையில் வாங்கும் முறுக்கு ஆகியவை இந்தக் கணக்கிலேயே வரவில்லை. சரியான அளவில் சமைத்தால் அதே பொட்டலம் ஐம்பது நாள் வர வேண்டும்.

உலகச் சராசரியே 10.8 கிராம் என்று பிறகு படித்தேன். அதனால் வெட்கம் கொஞ்சம் குறைந்தது. இந்த மாதம் களி கிண்டும் தண்ணீரில் உப்பு போடுவதை நிறுத்தினேன். குழம்பில் இருக்கிறது, களிக்கு எதற்கு? என் மாமியார் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு பழகிவிட்டது. இந்தப் பொட்டலம் இருபத்தொன்பது நாள் ஆகியும் இன்னும் அடியில் கொஞ்சம் இருக்கிறது.

நல்லம்பள்ளி சு.ஆ.

மல்லிகா அம்மாவின் பொட்டலக் கணக்கை நான் பணியில் இருந்தபோது அறிந்திருந்தால் ஒவ்வொரு மகளிர் குழுக் கூட்டத்திலும் சொல்லியிருப்பேன். ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்கிறேன். மேலைநாடுகளில் உப்பின் பெரும்பங்கு ரொட்டியிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் ஆலையிலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. ஆகவே அங்கே ஆலையைத் திருத்த வேண்டும். நமக்கு இன்னும் பெரும்பங்கு அடுப்படியில்தான் விழுகிறது. அடுப்படி நம் கையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. பொட்டலத் தின்பண்டம் பெருகப் பெருக அந்த வாய்ப்பு கைநழுவும்.

க. வட்டாரத் தன்னார்வலர்

பெயரையும் ஊரையும் சொல்லாமல் எழுதுகிறேன். நான் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பவர்களில் ஒருத்தி. பாலக்கோடு ஐயா வீட்டு டப்பா போல என் பகுதியில் எத்தனையோ டப்பாக்கள் உண்டு. மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்ற பயம் முதலாவது. மாத்திரையால் போவதைவிடக் கட்டுப்படாத சர்க்கரையாலும் அழுத்தத்தாலும் கிட்னி போவதே மிகுதி என்று வாய் வலிக்கச் சொல்கிறேன். ஆரம்பித்தால் சாகும்வரை நிறுத்த முடியாதாமே என்பது இரண்டாவது. வலி இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்பது யாரும் வெளியில் சொல்லாத மூன்றாவது. "நார்மல்" என்ற சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை. "மாத்திரை வேலை செய்யுது பாட்டி" என்றுதான் சொல்கிறேன்.

ஐயா, உங்கள் அம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள். மாலையில் கால் வீங்குகிறதா? அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள், நம்மிடம் சொன்னால் திட்டுவோம் என்று காரணத்தை மாற்றிச் சொல்வார்கள்.

எங்களுக்கு இருக்கும் இன்னொரு சிக்கல் ஆண்கள். நான் போகும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. பாதிப் பேர் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். ஊருக்கு வருவது திருவிழாவுக்கு. அப்போது அளக்கலாம் வாருங்கள் அண்ணா என்றால், கிடா வெட்டு முடியட்டும் என்கிறார்கள்.

கல்லுடைக்கும் ஊர்

தூசியைப் பற்றி யாரும் பேசாததால் இரண்டு வரி. கிருஷ்ணகிரியின் கிரானைட் உலகம் முழுவதும் போகிறது. உலர்ந்த பாறையில் துளையிடும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. துளையிடும் இடத்தில் தண்ணீர் விட்டபடி வேலை செய்வதுதான் தடுப்பு. ஐயா கேட்ட "குழாய்" எங்களுக்கு உண்மையாகவே ஒரு குழாய்தான். துளையிடும் எந்திரத்தில் அது பொருத்தப்பட்டிருந்தாலும், தண்ணீர் லாரிக்குக் காசு மிச்சம் என்று அடைத்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தென்பெண்ணைக்கரை

சாமை இட்லி தங்கை சொன்னதை யோசித்துப் பார்த்தேன். தாத்தா நடந்த நடையை நான் கணக்கில் வைக்கவில்லை என்பது உண்மைதான். நான் தோட்டத்துக்கே வண்டியில் போகிறேன்.

ஆனால் எனக்கு வேறொரு தர்மசங்கடம் உண்டு. எனக்கு நான்கு ஏக்கர் மா. பெரும்பகுதி பெங்களூரா ரகம், அது சாப்பிடுவதற்கு அல்ல, பழக்கூழ் ஆலைக்குப் போவது. அந்தக் கூழ்தான் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து சின்னப் பொட்டலமாக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலுக்கே திரும்பி வருகிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோது, காற்று ஏற்றிய குளிர்பானத்துக்கு 40 சதவீதம், பழக்கூழ்ப் பானத்துக்கு 12-இலிருந்து 5 சதவீதம் என்று வைத்தார்கள். விவசாயியாக எனக்கு மகிழ்ச்சி. பேரனுக்கு அதை வாங்கிக் கொடுக்கும்போது மகிழ்ச்சி இல்லை. சர்க்கரைக்கு வரி போடுங்கள் என்று நீங்கள் எல்லாரும் எழுதினால், மாங்காய்க்கு விலை இல்லாமல் சாலையில் கொட்டும் ஆண்டில் நான் என்ன செய்வது?

நல்லம்பள்ளி சு.ஆ.

இதுதான் இந்த இழையின் கடினமான கேள்வி, எழுப்பியதற்கு நன்றி. இதற்கு ஒத்த ஒன்று பின்லாந்தில் நடந்தது. அந்த நாட்டின் வட கரேலியா பகுதி பால் பண்ணைகளால் வாழ்ந்தது. வெண்ணெயைத் தாராளமாகத் தின்றது. நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் சரிந்தார்கள். 1972-இல் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம் வெறும் அறிவுரையோடு நிற்கவில்லை. தொத்திறைச்சி செய்பவர்களிடம் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்க வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் சங்கங்களில் சமைத்துக் காட்டினார்கள். வெண்ணெய்க்கு மாற்றாக அந்தக் குளிரிலும் விளையும் கடுகு வகை எண்ணெய் வந்தது. பால் பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள், இயல்புதானே. அவர்களில் பலரைப் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற்ற அரசே துணை நின்றது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அறிவுரையை மக்களுக்கும் நட்டத்தை விவசாயிக்கும் என்று பங்கு போட்டிருந்தால் அது நடந்திருக்காது.

நம் வரி வேறுபாடு காற்றுக் குமிழியைப் பார்க்கிறது, சர்க்கரையின் அளவைப் பார்ப்பதில்லை. நூறு மில்லியில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து வரி விதித்தால், கூழை மிகுதியாகவும் சர்க்கரையைக் குறைவாகவும் போடும் ஆலைக்கு இலாபம். உங்கள் மாங்காயும் கூடுதலாகப் போகும். என் யோசனை இவ்வளவே. ஓசூர் தம்பி கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆலைப் பரிசோதனை முடிவுகள் தொழிலாளியிடம் மட்டும் போகாமல், ஷிப்ட் அட்டவணை போடுபவருக்கும் யாருடைய பெயரும் இல்லாத தொகுப்பாகப் போக வேண்டும் என்று சங்கத்தின் வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்

கேட்கிறோம், ஐயா. கேண்டீனில் இரவு இரண்டு மணிக்கு அவித்த சுண்டல் வைக்கச் சொல்லி ஏற்கெனவே மனு கொடுத்தோம். இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறது. மற்ற நாள்களில் பழையபடி போண்டாதான்.

பாலக்கோடு வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். தன்னார்வலர் சகோதரி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அம்மா முதலில் மழுப்பினார். பிறகு காலை நீட்டி, "மெட்டி இறுகிப் போச்சு சாமி, சோப்பு போட்டுக் கழட்டுனேன். ஒடம்புல நீர் கோத்துக்கிச்சுன்னு பயந்துட்டேன்" என்றார். நார்மல் என்பதெல்லாம் எனக்குச் சொன்ன சாக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டு வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். சென்ற வெள்ளிக்கிழமை 144-க்கு 88. இன்னும் இறங்க வேண்டும் என்றார்.

உப்புப் பொட்டலத்திலும் தேதி எழுதியாயிற்று. டப்பாவில் இருந்த ஒன்பது அட்டைகளை எங்கள் பகுதித் தன்னார்வலரிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு எதிர் வீட்டைக் காட்டி, அந்தப் பாட்டி மெட்டியைக் கழற்றி எத்தனை நாளாகிறது என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.